ஜெபம் பண்ணக்கூட உடம்பு விடாத நாட்களில் என்ன செய்கிறீர்கள்?

பொருநைக்கரை | திங்கள், இரவு 9:52

இரண்டு வருஷமாக இங்கே வாசிக்க மட்டும் வருவேன். எழுதுவது முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி, வயது 51. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையில் ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் வந்து நின்றது. மூன்று வருஷமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, காலை 6 மணி ஷிஃப்ட், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம்.

"ஏன் எனக்கு" என்று கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. அதை முதல் வருஷத்திலேயே கேட்டு முடித்தாயிற்று. என் சிக்கல் வேறு.

சின்ன வயதிலிருந்து விடியற்காலை 4:30க்கு எழுந்து முழங்கால் போட்டு ஜெபிப்பேன். அம்மா பழக்கினது. கல்யாணம், பிரசவம், மாற்றல் எதிலும் அது விட்டதில்லை. இப்போது முழங்கால் மடங்காது. கண்ணை மூடினால் தூக்கம். டயாலிசிஸ் முடிந்த நாளில் துவைத்துப் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பேன். ராத்திரி குடும்ப ஜெபத்தில் இவர்கள் (என் வீட்டுக்காரர்) "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்கினால் "ஆமென்" வருவதற்குள் எனக்குக் குறட்டை. வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து மங்குகிறது. முன்பெல்லாம் ஜெபிக்கும்போது பக்கத்தில் ஆள் இருப்பது போல ஒரு நெருக்கம் தெரியும். இப்போது ஒன்றும் தெரிவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." நல்ல வசனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் பவுல் அந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் கெஞ்சுகிறார், முள் போகவில்லை. அதை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. சத்துமாவு டப்பாவை மேசையில் வைத்து, வசனத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். (சத்துமாவும் எனக்கு ஆகாது. பாஸ்பரஸ்.)

உடம்பே ஒத்துழைக்காதபோது, கடவுள் கூட இருக்கிறார் என்பதை எதை வைத்துப் பிடித்துக்கொள்கிறீர்கள்? எந்த மதத்துக்காரராக இருந்தாலும் சொல்லுங்கள். சுகமாக இருப்பவர்கள் மட்டும் ஒரு நாள் பொறுத்து எழுதினால் நல்லது :)

ஜெயமே_ஜெயம் | திங்கள், இரவு 10:20

சகோதரி, வருத்தப்படாதீர்கள். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். நெருக்கம் தெரியவில்லை என்றால் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. எங்கள் ஐக்கியத்தில் ஒருவர் மிஷினை விட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்கு வந்தார், இன்றைக்குச் சாட்சி சொல்கிறார். மிஷினை நம்புவதா தேவனை நம்புவதா என்று நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

ஊசிக்காரன் | திங்கள், இரவு 10:41

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். 11 வருஷம். மேலே உள்ள பதிவைப் படித்துக் கை நடுங்குகிறது.

அக்கா, ஒரு ஷிஃப்ட்கூட விடாதீர்கள். ஞாயிறு விடுமுறையைத் தாண்டித் திங்கட்கிழமை வருகிறவர்களைத்தான் நாங்கள் உற்றுப் பார்ப்போம். ஒரு நாள் இடைவெளிக்கும் இரண்டு நாள் இடைவெளிக்கும் அவ்வளவு வித்தியாசம். தண்ணீர் ஏறினால் மூச்சு வாங்குவதாவது தெரியும். பொட்டாசியம் ஏறுவது பலருக்குத் தெரியவே தெரியாது, நேராக இதயத்தில் கை வைக்கும். இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு முறை விட்டுவிட்டு வந்த ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில்தான் இறக்கினார்கள். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

சாட்சி சொல்கிறவர் பிழைத்தவர். பிழைக்காதவர் மைக் பிடிக்க வரமாட்டார்.

விடாக்கேள்வி | திங்கள், இரவு 11:05

ஊசிக்காரன் சொன்ன கடைசி வரியை எங்காவது எழுதி மாட்ட வேண்டும்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். கிண்டலுக்குக் கேட்கவில்லை, அக்கா. முன்பு தெரிந்த நெருக்கம் உடம்பு தளர்ந்ததும் காணாமல் போகிறது என்றால், அந்த நெருக்கமே உடம்பு கொடுத்ததுதான் என்று ஆகாதா? நல்ல தூக்கம், நல்ல ரத்தம், விடியற்கால அமைதி, இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கும் ஒரு நிறைவு வரும். நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 11:30

சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இந்த மன்றத்தில் இடமில்லை. ஜெயமே_ஜெயம் அவர்களின் பதிவை நீக்காமல் விட்டதற்குக் காரணம், கீழே உள்ள பதில் புரியவேண்டும் என்பதுதான். அந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது. இழை தொடரட்டும்.

காயல்_காற்று | செவ்வாய், காலை 6:15

அக்கா, சலாம். நான் சுகமாக இருப்பவன்தான், ஒரு நாள் பொறுக்காமல் எழுதுகிறேன். வாப்பாவைப் பற்றி என்பதால் மன்னிப்பீர்கள்.

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார்கள். வலது பக்கம் முழுசும் போய்விட்டது, பேச்சும் பாதிதான். காயல்பட்டினத்தில் எங்கள் பள்ளியில் முதல் வரிசை ஆள். அப்படிப்பட்டவர் முதல் நாலு மாதம் பாங்கு சத்தம் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. அசுத்தத்தோடு கிடக்கிறேன், எப்படித் தொழுவது என்று அழுகை.

ஓர் ஆலிம் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். இம்ரான் பின் ஹுஸைன் என்ற நபித்தோழருக்கு மூலநோய். எப்படித் தொழுவது என்று நபியிடம் கேட்டார். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் சாய்ந்து என்பது பதில். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (சட்ட வழியில்) அதற்கும் கீழே படிகள் உண்டு. தலையால் சைகை செய்ய முடியாதவருக்கு இமை போதும். இமையும் முடியாதவருக்கு மனம் போதும்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளாத நாட்களில் தயம்மும், அதாவது தண்ணீருக்குப் பதில் மண்ணால் சுத்தம் செய்வது. தோட்டத்துப் புழுதி மண்ணைச் சலித்து ஓர் எவர்சில்வர் தட்டில் போட்டு வைத்திருப்போம். வாப்பாவின் கையைப் பிடித்து அதில் தட்டி, முகத்திலும் கைகளிலும் தடவிவிடுவேன். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் (சுற்று) என்பது அவர்களுக்கு மறந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரக்அத் முடியும்போதும் இடது கைக் கட்டைவிரலை ஒரு தடவை அமுக்குவேன். மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் கண்ணைத் திருப்பி என்னைப் பார்ப்பார்கள்.

இன்னொரு ஹதீஸ் இருக்கிறது, அக்கா. ஒருவர் நோயில் விழுந்தாலோ பயணத்தில் இருந்தாலோ, ஊரில் சுகமாக இருந்தபோது அவர் செய்துவந்த அமல் (நற்செயல்) அப்படியே அவருக்கு எழுதப்படும். உங்கள் 4:30 மணி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொருநைக்கரை | செவ்வாய், காலை 7:02

தம்பி, கட்டைவிரல் விஷயத்தைப் படித்துவிட்டு இவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். காப்பி ஆறிவிட்டது. எனக்கு அது அரை டம்ளர்தான் அளவு, சூடு பண்ணினால் இன்னும் சுண்டும்.

இரண்டுமணி | செவ்வாய், பகல் 2:10

எனக்கு எழுத்து அவ்வளவா வராது. மேலூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போயிடுச்சு. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஏழு வருஷம் ஆச்சு. ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா படுக்கைப்புண் வந்திடும்னு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினாங்க. போனில் 10, 12, 2, 4 என்று அலாரம் இருக்கு. அதுதான் என் பெயர்.

எங்களுக்கு அழகர்மலைக் கருப்பு. பதினெட்டாம்படிக்கு வருஷம் தவறாமல் போவோம். ஏழு வருஷமா போகலை. இவரை யாரிடம் விட்டுட்டுப் போக?

ஜெபம், தொழுகை என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து இழுக்கும்போது "கருப்பா" என்று ஒரு சத்தம் வரும். மூட்டை தூக்குறவங்களுக்கு வருமே, அந்த மாதிரி. சில நாள் "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா" என்றும் சேர்த்துக் கேட்பேன். அப்புறம் பயமா இருக்கும். கன்னத்தில் போட்டுக்குவேன்.

எல்லாரும் படுத்திருப்பவரைப் பற்றியே எழுதுறீங்க. பக்கத்தில் இருக்கிறவளுக்கு யார் கூட இருக்காங்க? சாமி உன் கை வழியாத்தாம்மா அவருக்கு உதவுதுன்னு ஒருத்தர் சொன்னார். சரிங்க. என் கை வலிக்குதே, அது யாருக்குத் தெரியும்?

கோவமா எழுதிட்டேன். டீச்சரம்மா தப்பா எடுத்துக்காதீங்க.

காயல்_காற்று | செவ்வாய், பகல் 3:30

லாத்தா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உம்மா ஆறு வருஷமும் இதே வேலையைத்தான் செய்தார்கள். மேலே வாப்பாவைப் பற்றி அத்தனை எழுதினேனே, உம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று உங்கள் பதிவைப் பார்த்தபின்தான் உறைத்தது.

சாய்வுநாற்காலி | செவ்வாய், மாலை 5:48

எனக்கு 74 வயது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம். இந்தப் பதிவைத் தட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பேசினாலே போனில் எழுத்தாக விழும் என்கிறான் பேரன். என் குரல் அந்தக் கருவிக்குப் புரிவதில்லை. "பெருமாள்" என்றேன், "பெருங்காயம்" என்று விழுந்தது.

சந்தியாவந்தனத்தில் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி அர்க்யம் விடவேண்டும். என் கையில் தண்ணீர் நிற்பதில்லை. மந்திரம் முடிவதற்குள் வேட்டியெல்லாம் ஈரம். ஆகவே டீச்சர் கேட்டது எனக்கு நன்றாகப் புரிகிறது.

பெரியாழ்வார் இதே இடத்தில் நின்று பேசியிருக்கிறார். "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்தரவணைப் பள்ளியானே." எய்ப்பு என்றால் இளைப்பு, தளர்ச்சி. தளர்ந்துபோகும் நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, அதனால் அன்றைக்கு உரியதை இன்றைக்கே சொல்லிவிட்டேன் என்கிறார். "நினைக்கமாட்டேன்" என்பதைப் பாருங்கள். பல்லாண்டு பாடியவரே அப்படிச் சொல்கிறார். மனம் ஒத்துழைக்காது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் ஏற்பாடும் செய்துவிட்டுப் போகிறார்.

எங்கள் சம்பிரதாயத்தில் வராக சரம சுலோகம் என்று ஒன்று உண்டு. உடம்பும் மனசும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கடைசியில் கட்டையைப் போலக் கல்லைப் போலக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்று பெருமாள் சொல்வதாக அது. "அஹம் ஸ்மராமி." அவன் நினைக்கிறான். கட்டையாகக் கிடப்பவனுக்கு நினைக்கும் வேலையே இல்லை.

கை ஓய்ந்துவிட்டது. நாளை தொடர்கிறேன்.

விடாக்கேள்வி | செவ்வாய், இரவு 8:15

மாமா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அட்வான்ஸ் கட்டிவைத்த கணக்கு மாதிரி இல்லையா? காயல் தம்பி சொன்ன ஹதீஸும் அதே கணக்குத்தான். சுகமாக இருந்தபோது கட்டாதவன் என்ன செய்வான்? பிறந்ததிலிருந்தே படுத்திருக்கும் குழந்தை எப்போது சொல்லி வைத்தது?

சாய்வுநாற்காலி | புதன், காலை 10:20

நல்ல கேள்வி. ராத்திரி அதனாலேயே தூக்கம் வரவில்லை. (தூக்கம் வராததற்கு மாத்திரையும் ஒரு காரணம், முழுப் பெருமையும் உங்களுக்கு இல்லை.)

அதே பாசுரத்தில் ஆழ்வார், நான் ஒப்பிலேன், அதற்குத் தகுதியில்லாதவன், ஆனாலும் ஆனைக்கு நீ அருள்செய்தாய், அதை நம்பி வந்தேன் என்கிறார். கட்டிவைத்த அட்வான்ஸைக் காட்டிக் கேட்கவில்லை. முதலை வாயில் கால் மாட்டிய யானையைக் காட்டிக் கேட்கிறார். பிறந்ததிலிருந்து படுத்திருக்கும் குழந்தைக்கு அந்த யானைக்கு உள்ள பாத்தியதை நிச்சயம் உண்டு என்று நினைக்கிறேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பலாக்கொட்டை | புதன், பகல் 1:05

பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த திருவதிகை எங்களுக்கு நடை தூரம். மேலூர் அக்கா சாமியைத் திட்டிவிட்டுப் பயந்ததாக எழுதியிருந்தார். அக்கா, நீங்கள் தனி ஆள் இல்லை.

"கூற்றாயினவாறு" பதிகத்தை நிறைய பேர் கண்ணீர் மல்கப் பாடுகிறார்கள். வார்த்தையைக் கவனித்தால் அது வயிற்றுவலிக்காரர் டாக்டரிடம் சொல்வது மாதிரிதான் இருக்கும். "தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் அடியேன்." வயிற்றுக்குள், வெளியே தெரியாமல், குடலைச் சுருட்டி முடக்குகிறது, தாங்க முடியவில்லை. எங்கே வலி, எப்படி வலி என்று இடம் சுட்டிச் சொல்கிறார். முதல் வரியிலேயே அந்த நோயை எமன் என்றும் சொல்லிவிடுகிறார்.

ஆனால் எனக்கு அப்பரைவிடச் சுந்தரர் கதைதான் இங்கே பொருத்தமாகத் தெரிகிறது. அப்பருக்கு நோய் தீர்ந்துவிட்டது, நமக்கெல்லாம் எங்கே தீர்கிறது!

பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார் சுந்தரர். இரண்டு கண்ணும் போயிற்று. தடவித் தடவித் திருவெண்பாக்கம் வந்து சேர்கிறார். வாசலில் நின்று ஒரே கேள்வி: "கோயிலுளாயே?" கோயிலில்தான் இருக்கிறாயா? கண் தெரியாதவன் கேட்கும் கேள்வி அது. உள்ளே விளக்கு எரிகிறதா, நடை சாத்தியிருக்கிறதா, அவருக்கு எப்படித் தெரியும்?

உள்ளேயிருந்து பதில் வருகிறது: "உளோம் போகீர்."

இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான்! கண்ணைக் கொடுக்கவில்லை. தேறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. ஊன்றி நடக்க ஒரு கோல் மட்டும் கிடைத்தது. அந்தச் சாமிக்கே ஊன்றீஸ்வரர் என்று பெயராகிவிட்டது. சுந்தரர் கோபத்தில் அந்தக் கோலை வீசினார், நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலபுராணம் சொல்லும். அப்புறம் அந்த இருட்டிலேயே நடந்து காஞ்சிபுரம். அங்கே ஒரு கண். திருவாரூர் போன பிறகுதான் மற்றது. திருவாரூரில் என்ன பாடினார் தெரியுமா? உன் அடியார் அல்லல்படும்போது சும்மா இருப்பீராகில், "வாழ்ந்து போதீரே". நீராவது நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று அர்த்தம். எங்கள் பாட்டி மருமகளைச் சொல்லும் அதே தொனி.

திருவெண்பாக்கத்தைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு: பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. கோயிலை வேறு இடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது மழை, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலுளாயே என்று கேட்கச் சரியான இடம்தான்.

இரண்டுமணி | புதன், பகல் 2:20

வாழ்ந்து போதீரே. இது நல்லா இருக்கே! இன்னிக்கு ராத்திரி சொல்லிப் பார்க்கிறேன்.

பொருநைக்கரை | வியாழன், காலை 9:40

நேற்று டயாலிசிஸ் நாள். மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, கெண்டைக்காலில் தசை இழுத்து, காலைத் தூக்கி வைத்து சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் வரை தூக்கம். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுத முடிகிறது.

விடாக்கேள்வித் தம்பி கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். நெருக்கம் என்பது நல்ல ரத்தத்தின் வேலையாகவும் இருந்திருக்கலாம். ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிய மாதத்தில் எனக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஒன்றும் தோன்றவில்லை, ஊசி போட்டு அது ஏறினதும் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதனால் அது பொய் என்று ஆகிவிடுமா? கண்ணில் படலம் விழுந்தால் தாமிரபரணி தெரியாது. ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கணக்கு டீச்சராக இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன், மார்க் போடவும் மாட்டேன். எனக்கு அப்படித் தெரிகிறது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. டோனாவூரில் மிஷனரியாக இருந்த எமி கார்மைக்கேல் அம்மா 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார்கள். அதிலிருந்து 1951இல் கண் மூடும் வரை பெரும்பாலும் ஒரே அறைதான். நான் சிறுமியாக இருந்தபோது சண்டே ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கல்லறைக் கல் கிடையாது, பறவை வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கும். அப்போது அந்தத் தொட்டி மட்டும்தான் மனதில் நின்றது. பிறகு வாசித்தபோது ஒன்று பிடித்தது. நோயாளிகளுக்கென்று சுகமாக இருப்பவர்கள் எழுதுவது தனக்கு உதவவில்லை என்று அவர்களே சொல்லி, படுத்தபடி நோயாளிகளுக்காக எழுதியிருக்கிறார்கள். முதல் பதிவில் நான் போட்ட நிபந்தனை அங்கிருந்து வந்ததுதான். காயல் தம்பி அதை மீறியது நல்லதாயிற்று.

ஸ்ரீரங்கம் ஐயா, நீங்கள் எழுதினதும் ரோமர் 8:26 ஞாபகம் வந்தது. எப்படி வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." எத்தனையோ தடவை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். பெருமூச்சு என்ற வார்த்தையைக் கவனித்ததே இல்லை. மேலூர்த் தங்கை "கருப்பா" என்று இழுக்கும் சத்தத்தையும் நான் இதில்தான் சேர்ப்பேன். எங்கள் சபை ஐயர் (பாதிரியார்) ஒத்துக்கொள்ளமாட்டார், பரவாயில்லை.

எலியாவைப் பற்றியும் யோசித்தேன். சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூங்கிவிடுகிறான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, ஓட்டையைத் தேடவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான், அதையும் விட்டுவிட்டார்கள். தூங்கினவனைக் கர்த்தர் திட்டினதாக ஒரு வரி இல்லை. எனக்கு ஒரே பொறாமை அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல்தான். எனக்கு நாளைக்கு 750 மி.லி.

இப்போது உளோம் போகீர்.

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்வார்கள். எனக்கு இடது முழங்கைக்கு மேலே. தொட்டால் உள்ளே தேனீ ரீங்கரிக்கிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓடவேண்டும். அதனால் காலையில் கண் திறக்குமுன் என் முதல் வேலை வலது கையால் இடது கையைத் தொட்டுப் பார்ப்பதுதான். மூன்று வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை. இன்று காலை தொட்டபோது அது ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் மனதில் வந்து விழுந்த வார்த்தை அதுதான், உளோம் போகீர். இத்தனை ஆறுதல் வார்த்தைகள் கேட்டும் இதை மட்டும் நம்ப முடிந்தது. ஏன் என்றால், அது ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

மணியைப் பார்த்தேன். 4:35. தற்செயல்தான், சிறுநீரகம் போன பிறகும் பழைய பழக்கத்துக்கு அந்த நேரத்தில் முழிப்பு வரும். அப்புறம் தூங்கிவிட்டேன்.

நெருக்கம் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வரவில்லை.

ஊசிக்காரன் | வியாழன், பகல் 12:15

அக்கா, 4:35க்குத் தொட்டது இருக்கட்டும், ராத்திரி படுக்கும்போதும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அந்தக் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரும் அந்தக் கையைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது எந்தப் பெரிய டாக்டராக இருந்தாலும்.

இழையைப் படிக்கும் மற்ற டயாலிசிஸ்காரர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. சாமி கூட இருக்கிறார், ஆனால் பிரசாதத்தில் பொட்டாசியமும் கூடவே இருக்கிறது. இளநீர் அபிஷேகம் சாமிக்கு மட்டும். பழநி பஞ்சாமிர்தத்தை நெற்றியில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். நட்சத்திரப் பழம் பக்கமே போகாதீர்கள், அது சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு விஷம். தாகத்துக்கு ஒரு சின்ன ஐஸ்கட்டியை வாயில் போட்டு மெதுவாகக் கரையவிடுங்கள், அளவில் அதையும் சேர்த்துக்கொண்டு. நற்கருணையில் கொடுக்கிற ஒரு வாய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், அக்கா.

விடாக்கேள்வி | வியாழன், மாலை 4:50

உள்ளேயிருந்து எனக்கு இன்னும் எந்தக் குரலும் கேட்கவில்லை. டீச்சர் சொன்ன ஆற்று உவமையும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு ஓடுவதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார், இதை யார் பார்த்துச் சொல்வது? சரி, அதை வேறு ஒரு நாள் வைத்துக்கொள்வோம்.

மேலூர் அக்கா, நான் மதுரையில்தான் இருக்கிறேன். கடைசி இரண்டு வருஷம் அப்பாவைப் புரட்டிப் போட்டு, குழாய் மாற்றி, எல்லாம் செய்து பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு வந்து சாயங்காலம் 4 வரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அழகர்கோவில் போய்விட்டு வாருங்கள். கருப்பிடம் நேரிலேயே கேட்கலாம்.

மட்டுறுத்துநர் | வியாழன், மாலை 5:05

தயவுசெய்து போன் நம்பர், முகவரி எதையும் பொதுவில் போடவேண்டாம். தனிமடல் வசதி இருக்கிறது. முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடுவது பற்றி இரண்டு பேரும் நிதானமாக யோசித்துச் செய்யுங்கள்.

இரண்டுமணி | வியாழன், இரவு 12:08

இப்பத்தான் புரட்டிப் போட்டேன். அவரிடம் சொன்னேன், தெரியாத ஆளா, நான் மாட்டேன் என்கிறார். கூச்சம். அப்புறம், அந்தத் தம்பிக்கு எந்த ஊராம் என்று கேட்டார். யோசிக்கட்டும். என் மச்சினர் வந்து ஒருநாள் உங்களைப் பார்த்துப் பேசட்டும், தம்பி. தனிமடல் எப்படி அனுப்புறது, யாராவது சொல்லுங்க.

சாய்வுநாற்காலி | வியாழன், இரவு 12:31

உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் உறை மாதிரி இருக்கும். அதைத் தட்டவும். எனக்கும் தூக்கம் வரவில்லை.

பொருநைக்கரை | வெள்ளி, அதிகாலை 4:50

தொட்டாயிற்று, ஓடுகிறது. நேற்று ராத்திரி ரசத்தைக் கொஞ்சம் அதிகமாகவே குடித்துவிட்டேன், இரண்டு நாளில் எடை 2 கிலோ 300 கூடியிருக்கிறது. ஆறு மணிக்குப் போய்த் திட்டு வாங்க வேண்டும். இவர்கள் ஆட்டோவைக் கூப்பிடப் போயிருக்கிறார்கள். எங்கள் யூனிட்டில் நான்காம் நம்பர் கட்டிலுக்குக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒன்று புதிதாக வந்திருக்கிறது, ஊசியைப் பார்த்தாலே நடுங்குகிறது. கட்டைவிரல் விஷயத்தை அதனிடம் சொல்லலாமா, தம்பி?

காயல்_காற்று | வெள்ளி, காலை 5:25

இப்போதுதான் சுபுஹு தொழுகை முடித்தேன். தாராளமாகச் சொல்லுங்கள், அக்கா. வாப்பாவுக்கு இடது கை. அந்தப் பிள்ளைக்கு எந்தக் கையில் ஊசி என்று பார்த்துக்கொண்டு மற்ற கையைப் பிடியுங்கள்.